பின் வரிசை நிரம்பிய ஞாயிறு

1

இந்தக் கதை பக்தியில் பிறக்கவில்லை, ஒரு போன் அழைப்பில் பிறந்தது. எங்கள் சபையின் மாத இதழைப் பார்த்துக்கொள்கிறவர் கூப்பிட்டு, "அறுப்பின் பண்டிகை மலருக்குச் சமத்துவத்தப் பத்தி ஒரு கதை வேணும். யார் மனசும் புண்படாமப் பாத்துக்கங்க" என்றார். மனம் புண்படாமல் சமத்துவத்தை எழுதுவது தண்ணீர் படாமல் ஞானஸ்நானம் கொடுப்பது மாதிரி. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். பெயர் அச்சில் வரும் என்றால் எழுதுகிறவனுக்குத் தலை தானாக ஆடும்.

எந்தச் சபை என்று கேட்காதீர்கள். உத்தமபாளையத்துக்கும் கூடலூருக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. (நம்முடையதாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் தாராளமாகச் சந்தேகப்படலாம்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிகள் பந்தலேறிப் படர்ந்திருக்க, மேற்கு மலையில் மேகம் இறங்கி—"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் தங்கும் விடுதியின் வாடகை வந்துவிடும்.

இரண்டாவது: "ஆதியிலே ஒரு கிண்ணம் இருந்தது. அந்தக் கிண்ணம்—"

இதுவும் வேண்டாம். வேதாகம நடையைத் தொட்டு எழுதினால் விஷயம் இல்லாவிட்டாலும் கனமாகத் தெரியும். அந்தக் குறுக்குவழியில் ஏற்கனவே கூட்டம் அதிகம்.

மூன்றாவது: "ஜாய்ஸ் சாதி பார்க்கிறவள் அல்ல."

இது இருக்கட்டும். சொல்லப்போனால் இது என் வாக்கியமே இல்லை. பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஜாய்ஸ் தன்னைப் பற்றி அடிக்கடி சொல்லிக்கொள்வது. யாரும் கேட்காதபோதும் சொல்வாள்.

3

கொரோனாவுக்கு முன்னால் அந்தச் சபையில் நற்கருணைத் திராட்சை ரசத்துக்கு ஒரே வெள்ளிக் கிண்ணம்தான். பீடத்தின் முன்னால் வரிசையாக முழங்கால்படியிட்டிருப்பார்கள். ஆயர் கிண்ணத்தை ஒவ்வொரு வாயாகக் கொண்டுபோவார். முன் பெஞ்சுக் கடைக்காரக் குடும்பங்கள் முதலில், பின் பெஞ்சுக் காலனிக்காரர்கள் கடைசியில். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது மாதிரி அதுவாக நடந்தது. "எல்லாரும் இதில் குடியுங்கள்" என்று ஆண்டவர் சொன்னார்; யாருக்குப் பின் யார் என்பதைச் சபையாரின் விவேகத்துக்கு விட்டுவிட்டார் போலிருக்கிறது.

பிறகு கொரோனா வந்தது. கிண்ணம் பெட்டிக்குள் போனது. இரண்டாம் அலையில் ஜாய்ஸின் கணவர் வைகுண்டராஜும் போனார். ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது நற்கருணை கேட்டாராம். கொண்டுபோக யாரையும் உள்ளே விடவில்லை. அடக்கத்தில் பாட்டு இல்லை, கூட்டம் இல்லை. முகத்தைக்கூட ஜாய்ஸ் பார்க்கவில்லை.

அவள் கடையிலிருந்து சபைக்குத் தட்டு நிறையச் சின்னச் சின்ன எவர்சில்வர் கிண்ணங்கள் கொடுத்தாள். ஆளுக்கொரு கிண்ணம். ஒவ்வொன்றிலும் "வைகுண்டராஜ் நினைவாக" என்று பெயர் வெட்டியிருந்தது. நற்கருணை ஞாயிறுகளில் சபை மொத்தமும் அவர் பெயரை உதட்டருகில் கொண்டுபோவதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவருக்கு நடக்காத அடக்க ஆராதனை அப்படித்தான் தவணை தவணையாக நடந்துகொண்டிருந்தது.

(கேலி செய்ய வந்தவன் இரக்கப்பட்டால் கதை கோணிக்கொள்ளும். ஆனாலும் இந்தப் பத்தியை அடிக்க மனம் வரவில்லை.)

நோய் போய் வருஷங்கள் ஆகியும் சின்னக் கிண்ணங்கள் போகவில்லை. கேட்டால் எல்லாரும் சுகாதாரம் என்றார்கள். சபை அசன விருந்தில் ஒரே அண்டாவில் கைவிட்டு எலும்பு தேடுகிறவர்களும் சுகாதாரம் என்றார்கள்.

இப்போது ஜெபஷீலா புதிய ஆயராக வந்திருக்கிறார்.* வந்ததும் அறிவித்தார்: அடுத்த நற்கருணைக்குப் பழையபடி பொதுக் கிண்ணம். வரிசை பின் பெஞ்சிலிருந்து தொடங்கும்.

* ஆயரின் மனைவியைத்தான் சபையார் இதுவரை "ஆயரம்மா" என்று கூப்பிட்டு வந்தார்கள். இப்போது ஆயரையே அப்படிக் கூப்பிடுகிறார்கள். அவர் கணவரை எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

4

நற்கருணை ரசம் போடுவதும் ஜாய்ஸ்தான். காமயகவுண்டன்பட்டித் தோட்டத்திலிருந்து அதற்குப் பழம் கொண்டுவருகிறவள் பாண்டியம்மாள். காலனிக்காரி, அதே சபை. ஆராதனையில் இருவரும் ஒருவருக்கொருவர் "சிஸ்டர்". கடை வாசலில் ஒருத்தி "அக்கா", மற்றவள் "ஏ பாண்டி".

முதல் வரைவில் பாண்டியம்மாளை, "என் கை பட்ட பழத்தைக் குடிப்பீர்கள், என் வாய் பட்ட கிண்ணத்தில் குடிக்க மாட்டீர்களா?" என்று பேசவைத்தேன். கைதட்டல் வாங்கும் வசனம். ஆனால் அவளுக்கு இது செய்தியே இல்லை, எனக்குத்தான் செய்தி. அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அடுத்த வாரம் பொதுக் கிண்ணமாம்லக்கா. ஆயரம்மா சொன்னாக" என்றாள்.

"ஆமா."

"எனக்கு அந்தச் சின்னக் கிண்ணமே இருந்துட்டாத் தேவல."

ஜாய்ஸுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "ஏன் பாண்டி?"

"முன்னெல்லாம் நாங்க கடைசியாக் குடிச்சோம். எங்களுக்குப் பின்னால ஆளில்ல. இப்ப முன்னாடிக் குடின்னா, பின்னால குடிக்கிறவுக மூஞ்சியப் பாக்கணும். சின்னக் கிண்ணத்துல அந்தத் தொல்லை இல்ல. நானும் என் ஆண்டவரும்னு நிம்மதியா இருந்தேன்."

"கண்ண மூடிக்கிற வேண்டியதுதான?"

"மூடுனா மட்டும் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டு, காலிக் கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

5

ஜாய்ஸ் அன்றைக்கே ஆயரிடம் போனாள்.

"பாண்டியம்மாளே சின்னக் கிண்ணந்தான் வேணுங்கிறா, ஆயரம்மா."

"ஏன்னு சொன்னாகளா?"

"அதெல்லாம் அவளுக்குச் சொல்லத் தெரியாது" என்றாள் ஜாய்ஸ்.

(இந்தப் பொய்யை நான் ஜாய்ஸுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பேனாவைத் தாண்டி அவளாகவே சொல்லிவிட்டாள்.)

ஜெபஷீலா சொன்னார்: "ஜாய்ஸ்க்கா, உங்க கிண்ணத்த நான் பூட்டி வைக்கப்போறதில்ல. படுத்த படுக்கையாக் கெடக்குறவுக, ஆஸ்பத்திரில இருக்குறவுக, அவுகளுக்கு நற்கருணை கொண்டுபோறப்ப அதத்தேன் எடுத்துட்டுப் போகப்போறேன்."

ஜாய்ஸ் அழுதுவிட்டாள். கேட்டும் கிடைக்காமல் போன அந்த மனுஷனின் பெயர், இனிமேல் கேட்கிறவர்களின் கட்டிலருகே போகும். உண்மையான கண்ணீர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் ஒன்று உறைத்தது. பொதுக் கிண்ணம் வேண்டாம் என்பதற்குக் கையில் இருந்த நல்ல காரணம் போய்விட்டது. மிச்சமிருந்த காரணத்தை அவள் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

6

அந்த ஞாயிறு, முதல் மணி அடிப்பதற்கு முன்பே பின் பெஞ்சுகள் நிரம்பிவிட்டன.

காலனிக்காரர்களால் அல்ல. ஜவுளிக் கடை, ஏலக்காய்க் கடை, மருந்துக் கடை என்று முன் பெஞ்சுக் குடும்பங்கள் மொத்தமும் பட்டுப்புடவை சரசரக்கப் பின்னால் இடம் பிடித்திருந்தன. வரிசை பின்னாலிருந்து தொடங்கினால், முதலில் குடிப்பது அவர்கள்தானே. பிந்தினவர்கள் முந்தினவர்களாவார்கள் என்ற வசனம் அந்தச் சபையில் அவ்வளவு சுறுசுறுப்பாக என்றைக்கும் நிறைவேறியதில்லை. தாமதமாக வந்த காலனிக்காரர்கள் திகைத்து நின்று, வேறு வழியின்றி முன் பெஞ்சுகளில் கூசிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஜாய்ஸுக்கும் அந்த யோசனை இருந்தது. ஆனால் ரசத்தை வடிகட்டி, பீடத்தில் வைத்துவிட்டு வருவதற்குள் பின்னால் இடமில்லை. அவளுடைய வழக்கமான முன் பெஞ்சில்தான் ஓர் இடம் இருந்தது. பக்கத்தில் பாண்டியம்மாள்.

"உக்காருங்க சிஸ்டர்" என்று நகர்ந்துகொண்டாள்.

ஜெபஷீலா பீடத்திலிருந்து சபையை ஒரு பார்வை பார்த்தார். "இன்னைக்கு மட்டும் முன் வரிசையிலருந்து ஆரம்பிக்கலாம்" என்றார். பின்னால் யாருக்கோ இருமல் வந்தது.

முதலில் பாண்டியம்மாள் முழங்கால்படியிட்டாள். அடுத்து ஜாய்ஸ். பாண்டியம்மாள் குடித்தாள். ஆயர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கிண்ணத்தை ஜாய்ஸின் உதட்டருகே கொண்டுவந்தார். பாண்டியம்மாள் கண்ணை மூடவில்லை.

7

முடிவு அ: ஜாய்ஸ் குடித்தாள். பாடகர் குழு பாடியது. (மாத இதழுக்கு இது போதும்.)

முடிவு ஆ: ஜாய்ஸ் உதட்டை இறுக மூடிக்கொண்டு விளிம்பை மட்டும் தொட்டாள். ஆமென் சொன்னாள். (இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஆயருக்கும் தெரியாது.)

முடிவு இ: ஜாய்ஸ் திரும்பிப் பாண்டியம்மாளைப்—

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நான் இருந்த இடத்திலிருந்து ஜாய்ஸின் முதுகுதான் தெரிந்தது. நான் ஏன் பின் பெஞ்சில் இருந்தேன் என்று கேட்காதீர்கள். கதைக்காகக் கவனிக்கப் போனேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜாய்ஸ் என்ன செய்தாள் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் பாண்டியம்மாள். கேட்டேன். "அது எங்க ரெண்டு பேத்துக்குள்ள" என்று முடித்துவிட்டாள்.

ஆனால் ஜாய்ஸுக்கு அடுத்து ஓர் இடம் காலியாக இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இவ்வளவு நேரம் படித்துவிட்டீர்கள், வந்து முழங்கால்படியிடுங்கள். துணி விளிம்பைத் துடைத்தாயிற்று. கிண்ணம் உங்களிடம் வருகிறது. வரிசையின் அந்த முனையிலிருந்து பாண்டியம்மாள் எட்டி உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.