மூலையில் ஒரு துளை

லிஃப்ட் கதவில் புதுக் காகிதம் ஒட்டியிருந்தது. 'மூன்றாம் மாடியின் அலட்சியத்தால் இரண்டாம் மாடியில் மழை.'

அவள் படித்தாள். மூன்றாம் மாடி என்றால் அவள்தான். படித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

எழுதியவர் கீழ்வீட்டுக்காரர், குடியிருப்போர் சங்கச் செயலாளர். மாடிப்படியில் ஒரு செருப்பு இடம் மாறினாலும் காகிதம் ஒட்டிவிடுவார். மொத்தக் கட்டடத்துக்கும் அவர் பெயர் 'நோட்டீஸ்'.

சனிக்கிழமை காலை பிளம்பரோடு வந்து நின்றார்.

"குடை பிடிச்சுக்கிட்டுத் தூங்கறேன்மா. இன்னும் ரெண்டு நாள் போனா துடுப்புதான் வாங்கணும்."

"உள்ள வாங்க சார்."

சிரிப்பு வரவில்லை. எட்டு மாதமாக எதுவுமே வரவில்லை. அழுகையும்தான்.

பிளம்பர் குளியலறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் வாஷிங் மெஷின். அதன் குழாய், மெஷினுக்கென்றே தரையில் விட்டிருந்த தனித் துளைக்குள் இறங்கியிருந்தது.

"இது எப்ப மாட்டினது அக்கா?"

"போன வாரம். தங்கச்சி வாங்கிக் கொடுத்தா. அதுவரைக்கும் கையிலதான் துவைப்பேன். ஒரு ஆள் துணிதானே."

"பச்சைச் சாயத் தூள் போட்டு மெஷினை ஓட விடறேன். கீழ சும்மா தண்ணியா சொட்டினா பொதுக் குழாய், சங்கம் பார்த்துக்கும். பச்சையா சொட்டினா உங்க தரைதான். உடைச்சுடுவோம்."

உடைச்சுடுவோம்.

அந்தத் தரை அவள் கணவன் போட்டது. டைல்ஸ் ஒட்டுவதுதான் அவன் தொழில். ஊர் வீடெல்லாம் ஒட்டி முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்த வீட்டுக்கு வந்தான். "மூணு நாள் இங்க கால் வைக்காதே" என்றான். இரண்டாம் நாள், வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

மெஷினை ஓட விட்டுவிட்டு, மூவரும் கீழ்வீட்டுப் படுக்கையறையில் நின்று கூரையையே பார்த்தார்கள். கட்டில் மேல் ஒரு வெள்ளை வாளி. பத்து நிமிடம். பதினைந்து.

சொட்.

பச்சை.

நோட்டீஸ் வாளியை அவள் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார்.

மேலே வந்ததும் பிளம்பர் உளியை எடுத்தார். அவள் போய் அந்த டைல்ஸ் மீது நின்றுகொண்டாள்.

"நான் எக்ஸ்ரே எடுக்கறவ. எங்க ஆஸ்பத்திரியில வெட்டறதுக்கு முன்னாடி படம் எடுப்போம். நீங்க கம்பியாவது விட்டுப் பாருங்க."

பிளம்பர் பெருமூச்சு விட்டபடி துளைக்குள் கம்பியை விட்டார். ஒரு முழம் கூடப் போகவில்லை. எதிலோ மாட்டியது. திருகி இழுத்தார். வந்தது.

சிமெண்ட் அப்பி, பச்சைச் சாயம் ஏறி, சுருட்டிய துணி. தோள்பட்டையில் நீலநூல் தையல். அவள் போட்ட தையல். அவன் பனியன்.

கலவை உள்ளே விழாமல் இருக்கத் துளையில் துணியை அடைத்து வைப்பான். காய்ந்ததும் எடுத்துவிட்டு ஓரத்தைப் பூசுவான். மூன்றாம் நாள் செய்கிற வேலை அது.

"உடைக்க வேண்டாம்" என்றார் பிளம்பர். "அடைப்பால எதிர்த்து வந்த தண்ணி, பூசாத ஓரம் வழியா அடியில இறங்கியிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "பொதுக் குழாய்ல கிடந்த துணின்னு சொல்லிடறேன் அக்கா. நீங்க பேசாம இருங்க."

கூடத்தில் காத்திருந்த நோட்டீஸிடம் சொல்லியும்விட்டார். நோட்டீஸ் பாக்கெட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார்.

"போடுங்க இதுல. சங்கத்துல காட்டணும். எந்த மகராசன் துணியோ!"

"என் வீட்டுக்காரரோடது."

பிளம்பர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோசிச்சுப் பேசுங்கம்மா" என்றார் நோட்டீஸ். "அப்படின்னா என் கூரைக்கு நீங்கதான் பொறுப்பு."

"ஆமா சார். அதைக் கொடுங்க."

பிளம்பர் கையிலிருந்து பனியனை வாங்கிக்கொண்டாள். மடக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது, மடங்கவில்லை.

நோட்டீஸ், சங்கத்துக்காக ஒரு காகிதத்தைச் சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தார். "காரணம், கவனக்குறைவு..."

"அப்படிப் போடாதீங்க. மூணாம் நாள் எடுத்திருப்பார்."

அவர் பேனா நின்றது. அவளைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதி நீட்டினார்.

'காரணம்: வேலை முடியவில்லை.'

கையெழுத்துப் போட்டாள்.

பிளம்பர் துளையைச் சுற்றிக் கலவை பூசி, ஈர விரலால் வழித்துவிட்டு எழுந்தார்.

"மூணு நாள் இங்க கால் வைக்காதீங்க அக்கா."

"தெரியும்" என்றாள்.