எங்கள் ஹாலுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையர்

பழைய ஆம்ப்ளிஃபையர் புகைந்து உயிரை விட்டதும், என் வீட்டுக்காரர் புதியதைத் தேட ஆரம்பித்தார். என்னைக் கட்டிக்கொள்ளக்கூட இந்த மனிதர் இவ்வளவு யோசித்ததில்லை. ஏறி இறங்காத கடை இல்லை. அன்றைக்கும் ஒரு கடையில் என்னை நிற்க வைத்திருந்தார்.

கடைக்காரர் பொறுமைசாலி. ஹால் எவ்வளவு பெரிது, ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, அந்த ஹாலுக்கு நாற்பது வாட்ஸே தாராளம் என்று ஒன்றைப் பாட வைத்தார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய இவர், பெட்டியின் முகப்பையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார். வேண்டாம் என்றார். அடுத்ததும் வேண்டாமாம்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. போன வருடம் வந்த காய்ச்சலில் என் வலது காது அடியோடு போய்விட்டது. இவரிடம் கொஞ்சம் மந்தம் என்று மட்டும் பூசி மெழுகி வைத்திருந்தேன். சாயங்காலம் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதுதான் எங்கள் குடித்தனத்தின் சந்தோஷம். உண்மை தெரிந்தால் எனக்காக அதையே விட்டுவிடுவார். அதனால் வலப்பக்க ஸ்பீக்கரில் வரும் வயலின் அடுத்த வீட்டில் வாசிப்பதுபோல் கேட்டாலும், பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டில் எது தேவலை என்று என்னைக் கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

என்னைக் கேட்கவில்லை. கடைக்காரரிடம் போய், மோனோ பொத்தான் வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். இரண்டு பக்க ஒலியையும் கலந்து, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றுபோலவே கொடுக்கும் பொத்தான் அது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலது இடது பிரித்துக் கேட்காதவன் பாட்டே கேட்கவில்லை என்று, வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கழுத்தறுத்தவர் இவர். கடைக்காரர் உள்ளே போய், யாரோ கொடுத்து மாற்றிக்கொண்டு போன பழைய மாடல் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். இவர் அதையே வாங்கிவிட்டார்.

வீட்டில் ஒயர்களை மாட்டி, பொத்தானை அழுத்தினார். வயலின் என் நல்ல காது இருக்கும் இடப்பக்க ஸ்பீக்கரிலும் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கத் தோன்றவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"வயலின் வர்ற எடத்துல நீ தலையாட்டுவே. காய்ச்சலுக்கு அப்புறம் ஆட்டவே இல்ல."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"அவ்வளவு பாடுபட்டு நடிச்சுட்டிருந்தே. எப்படிக் கேக்கறது?"

உங்களுக்கு இனிமேல் வலது இடது எல்லாம் போயிற்றே என்றேன். அவர் ஒலியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வருஷமா நான் தனியாத்தான் பாட்டு கேட்டுட்டிருந்தேன். அது போதும்."