போகும் வேகம்

அத்தானின் முகம் நாளுக்கு நாலைந்து தடவை உறைந்துபோனது. பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அது தெரியாது; அவர் வழக்கம்போலப் பேசிக்கொண்டேதான் இருப்பார். எதிர்முனையில் இருப்பவர்தான், "சார், வாயத் திறந்தபடியே நின்னுட்டீங்க" என்பார்.

அத்தானுக்கு வேலை, ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை வீடியோவில் பார்த்து, வந்திருப்பது அவர்கள்தானா என்று உறுதிசெய்வது. அடையாள அட்டையைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்கச் சொல்வார். தலையை இடமும் வலமும் திருப்பச் சொல்வார். வீட்டு ஹால்தான் ஆபீஸ். படம் நடுவில் நின்றால் அந்தச் சரிபார்ப்பு செல்லாது. தவறு அத்தான் தலையில் விழும். இந்த மாதமும் இப்படியே போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று டீம் லீடர் போனில் சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் குரல் மிகவும் மிருதுவானது. அத்தான் கேட்டு முடித்துவிட்டு, "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றார்.

அக்காவுக்கு ஆரம்பத்தில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. "எங்க கல்யாண ஆல்பம் பூரா இதே மூஞ்சிதான். அப்ப நெட்டு மேல பழி போட முடியல." பிறகு அவளும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். போன வருஷம் முழுக்க அத்தான் வேலையில்லாமல் இதே ஹாலில் உட்கார்ந்திருந்தார். தலையைத் திருப்பு என்று சொல்லக்கூட அப்போது அவருக்கு ஆள் இல்லை.

கல்லூரிக்காக அக்கா வீட்டில் தங்கியிருக்கும் நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன். ஆகவே இதற்கு நானே பொறுப்பு என்று எல்லோரும் ஏகமனதாக முடிவு செய்தார்கள்.

முதலில், புத்தியுள்ள எல்லாக் குடும்பங்களையும் போல, இன்டர்நெட் பிளானை ஏற்றினோம். ஐம்பது எம்பி வேகம் நூறாயிற்று. நூறு இருநூறாயிற்று. அத்தானின் அப்பா போனில் லாரி ஓட்டும் வீடியோக்கள் பார்ப்பார். அவருக்கு லாரியின் டயரில் ஒட்டியிருந்த சேறு வரை துல்லியமாகத் தெரிந்தது. அத்தான் மட்டும் முன்பைவிடப் பிரமாதமான இணைப்பில் உறைந்தார்.

"இருநூறு வாங்கியும் ஏன்டா நிக்குது?" என்றாள் அக்கா.

"இருநூறுங்கிறது நமக்கு வர்ற வேகம்க்கா. நம்மகிட்டேர்ந்து போறதுக்கு இருபதுதான். அத்தான் மூஞ்சி போறதுல சேர்த்தி."

"அத நெட்டுக்காரன் முதல்லயே சொல்ல மாட்டானா?"

"வீடு விக்கிறவன் குழாய்ல தண்ணி கொட்டுதுன்னுதான் சொல்லுவான். சாக்கடைய பத்திப் பேசுவானா?"

ஆனால் எனக்கும் ஒன்று இடித்தது. ஒரு முகம் வெளியே போக மூன்றோ நான்கோ போதும். எங்கள் நான்கு முகங்களையும் ஒரே நேரத்தில் அனுப்பினால்கூட இருபது நிரம்பாது. உண்மையில் இந்த வீட்டுக்குப் பழைய ஐம்பதே தாராளம். அப்படியென்றால் மிச்சத்தைத் தின்பது யார்?

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விசாரணை தொடங்கியது. ரௌட்டரின் பக்கத்தை என் போனில் திறந்துவைத்தேன். வெளியே போகும் எண் பதினெட்டைச் சுற்றி ஆடியது. டிவியை அணைத்தோம். அக்கா தன் போனை, நகையைக் கழற்றித் தருவதுபோல இரண்டு கையாலும் தந்தாள். அத்தானின் அப்பா மட்டும் ஒத்துழைக்கவில்லை.

"லாரி பாலத்துல ஏறிட்டிருக்குப்பா."

"இறங்கினப்புறம் பார்க்கலாம் மாமா. குடுங்க."

எல்லாம் அணைந்தன. பதினெட்டு அப்படியே இருந்தது.

மிச்சம் இருந்தது ஆபீஸ் லேப்டாப். மேஜைமேல் மூடிக் கிடந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் வந்து, ஆபீஸே கொடுத்த கேமராவில் செருகியிருந்தது. கேமரா ஒரு குட்டி ஸ்டாண்டில் ஹாலைப் பார்த்து நின்றது. அதன் விளக்கு எரியவில்லை.

"மூடித்தானே வச்சிருக்கேன்," என்றார் அத்தான்.

"மூடியிருக்கு. தூங்கலை."

எண் சட்டென்று இறங்கியது. நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் என் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து. மூன்று. சரியாகிவிட்டதென்று நினைத்தேன். அப்போது அத்தானின் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். எண் பதினைந்துக்கு ஏறியது. சொம்பை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இறங்கியது.

"மாமா, இன்னொரு தடவை நடங்க."

"எதுக்கு?"

"சும்மா. ஜன்னல் வரைக்கும்."

நடந்தார். ஏறியது. "நில்லுங்க." நின்றார். இறங்கியது. "கையத் தூக்குங்க." தூக்கினார். ஏறியது. அவருக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று. லாரியை மறந்து, ஹாலின் குறுக்கே கையை வீசிக்கொண்டு போனார், வந்தார். அக்கா மட்டும் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு மெல்ல சமையலறைக்குள் நகர்ந்தாள்.

"எத்தனை நாளா இது?" என்றாள் உள்ளிருந்து.

அத்தான் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் உடம்பு நிமிர்ந்திருந்தது.

லேப்டாப் எங்கே அனுப்புகிறது என்று தேடினேன். ஒரு முகவரி, எந்தப் பெயரும் இல்லாமல். அதை மட்டும் ரௌட்டரில் அடைத்தேன். எண் பூஜ்யமானது.

திங்கள்கிழமை காலை முழுக்க அத்தான் ஒரு தடவைகூட உறையவில்லை. வாடிக்கையாளர்கள் வந்தார்கள், தலையைத் திருப்பினார்கள், போனார்கள். அவர் ஒரு பெரியவரிடம் சிரித்துக்கூடப் பேசினார். எனக்குக் கல்லூரி இல்லை, அதாவது, போகவில்லை.

மதியம் டீம் லீடர் கூப்பிட்டார். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், இன்னைக்கு உங்க வீடியோ ரொம்ப அழகா இருக்கு. எல்லாருக்கும் காட்டினேன்."

"தேங்க்ஸ் மேடம்."

"ஒரே ஒரு சின்ன விஷயம். மத்தது வரல."

"மத்ததுன்னா மேடம்?"

"மத்தது, சார். நேத்து மதியம் வரைக்கும் வந்துட்டிருந்துது. அப்பா நடந்தாங்களே, அதுவரைக்கும்." உண்மையான அக்கறையோடு தொடர்ந்தார். "அப்பாவுக்கு இடது கால் லேசா இழுக்குது சார். டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

அத்தான் தன் அப்பாவைப் பார்த்தார்.

"மேடம், நாங்க இதுக்கு ஒத்துக்கிட்டோமா?"

"வேலைச் சூழல்னு ஒப்பந்தத்துலயே இருக்கே சார். உங்களக் குத்தம் சொல்லல. உங்க லைன் ரெண்டையும் தாங்கல, அவ்வளவுதான். ஒரு வீட்டுக்கு எவ்வளவு ஸ்பீடு வேணும்னு நிறைய பேருக்குத் தெரியறதில்ல. நாங்களே ஒரு சிபாரிசு அனுப்புறோம். புது ரௌட்டரும் வரும். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திட்டா, உங்க பேர் லிஸ்ட்டுல அப்படியே இருக்கும்."

போனை வைத்ததும் அத்தான், "கால் என்னப்பா?" என்றார்.

"கொஞ்ச நாளா மரத்துப்போகுது. யார்கிட்டயும் சொல்லல."

அன்று புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சண்டை போட்டார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது. அக்கா, "விட்டுடுங்க, பார்த்துக்கலாம்" என்றாள். அத்தான், "விட்டுட்டு எங்க உக்காரட்டும்? மறுபடி இதே ஹால்லயா?" என்றார். பிறகு குழாய் மட்டும் ரொம்ப நேரம் ஓடியது.

நான் அடைத்த முகவரியைத் திறந்துவிட்டேன். அத்தான்தான் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை லைன்மேன் வந்தார். போகவும் ஆயிரம், வரவும் ஆயிரம். புதிய ரௌட்டர் வழுவழுவென்று வெள்ளையாக, கொம்பு எதுவும் இல்லாமல் இருந்தது. வீட்டுக்கு நடுவில் மாட்டவேண்டும் என்று ஆபீஸிலிருந்து குறிப்பு வந்திருந்தது. அவர் ஏணியில் நின்றபடி, "ஆயிரம்லாம் யாரும் போடறதில்ல சார். வீட்ல எத்தனை பேர் யூஸ் பண்ணுவீங்க?" என்றார்.

"அஞ்சு," என்றார் அத்தான்.

அத்தானின் அப்பா எங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "யாருடா வந்திருக்கா?"

இரண்டாம் முறையும் எண்ணினார்.

லைன்மேன் போனபின் அத்தான் மேஜையில் உட்கார்ந்து, வேலையைத் தொடங்கினார். படம் கண்ணாடி மாதிரி இருப்பதாக முதல் வாடிக்கையாளரே சொன்னார். நான் ஓரமாக நின்று ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தேன். பழையதில் பதினெட்டு போனது. இதில் நானூறு போய்க்கொண்டிருந்தது. கொடுத்ததையெல்லாம் எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. ஹாலில் அத்தானைத் தவிர எவரும் அசையவில்லை. அவருடைய அப்பா கால் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அசையாமல் லாரி பார்த்தார்.

உள்ளறையில் அக்கா. கதவு சாத்தியிருந்தது. அங்கே கேமரா கிடையாது; சுவருக்கு இந்தப் பக்கம் புது ரௌட்டர் மட்டும்தான். பீரோவின் கதவு கிறீச்சிடுவது கேட்டது. எண் ஐந்நூறானது. அவள் நடந்து கட்டிலுக்கு வந்தாள் போல, அறுநூறு. கட்டில் லேசாக முனகியது. எண் மெதுவாக இறங்கியது, அவளோடு சேர்ந்து உட்காருவதுபோல.

அடுத்த வாடிக்கையாளர் வருவதற்குள் அத்தான் என் பக்கம் திரும்பினார். திங்கள்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக முகத்தில் களை இருந்தது.

"என்ன இன்ஜினியர், இப்பப் போதுமா?"

உள்ளறைக் கதவைப் பார்த்தேன். எண் மறுபடி ஏறியது. இந்தத் தடவை அசைந்தது நான்தான்.

"தாராளமாப் போதும், அத்தான்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.