ஓட்டைப்பையின் கடைசிப் பதிவு

அவளுடைய கடன் முழுவதும் தீர்ந்துவிட்டது என்ற நல்ல செய்தி காலை பத்து மணிக்கு வெளியானது. அந்த நேரத்தில் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், யாரோ ஒருவருடைய வலது கண்ணுக்கான லென்ஸை அரவை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் பத்துத் தவணை பாக்கி இருக்கிற கடன் எப்படித் தீர்ந்தது என்று அவளைக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பாள்.

மேசை மேல் இருந்த கைபேசி உறுமியது. ஒருமுறை இரண்டுமுறை இல்லை, உறுமி உறுமி மேசையின் விளிம்புவரை நகர்ந்து போனது. விழுந்துவிடப் போகிறதே என்று எடுத்துப் பார்த்தாள்.

"வாழ்த்துகள் ஓட்டைப்பை!"

"கடைசியில ஓட்டையை அடைச்சே அடைச்சுட்டாங்கப்பா!"

"அக்கா, கண்ணு கலங்கிடுச்சு. உங்களால முடிஞ்சா எங்களாலயும் முடியும்."

ஓட்டைப்பை என்பது அவள்தான். இரண்டரை வருடங்களுக்கு முன் மூன்று கிரெடிட் கார்டுகளும் சேர்ந்து கழுத்தை நெரித்தபோது, யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை எழுதவாவது செய்யலாம் என்று அந்தப் பெயரில் ஒரு வலைப்பூ தொடங்கினாள். முதல் ஆறு மாதத்தில் வாசகர்கள் பதினொரு பேர். அதில் மூன்று பேர் வேறு வேறு கருவியிலிருந்து எட்டிப் பார்த்த அவளே. பிறகுதான் 'கைக்கணக்கு' குழு அவளைக் கண்டுபிடித்தது. வரவுசெலவைப் பற்றி எழுதுகிற இருபத்திரண்டு பதிவர்கள், இருபத்திரண்டு கடன்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, உண்மைப் பெயரும் தெரியாது. குழுவை நடத்துகிற 'தணிக்கை' ஆணா பெண்ணா என்றுகூட இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் யார் எந்த மாதம் எவ்வளவு கட்டினார்கள் என்பது எல்லோருக்கும் அத்துப்படி.

அந்தக் குழுவில் சேருவதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு வேலை மட்டும் செய்ய வேண்டும். கடன் தீருகிற நாளில் என்ன எழுதுவீர்களோ, அந்தக் கடைசிப் பதிவைச் சேருகிற அன்றைக்கே எழுதி, திட்டப்படி கடன் முடிகிற தேதியைக் குறித்து, அன்று தானாக வெளியாகும்படி வலைப்பூவில் பூட்டி வைத்துவிட வேண்டும். அவளும் எழுதினாள். ஆசை ஆசையாக எழுதினாள். அவசரத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தையும் துணிந்து எடுத்துக் கடைசி நாளில் மொத்தமாகக் கட்டிவிட்டதாகவும், பயமாக இருந்ததாகவும், பிறகு அப்படியொரு நிம்மதி வந்ததாகவும் கற்பனையை அவிழ்த்துவிட்டிருந்தாள். அப்போது அவளிடம் அவசரப் பணம் என்று ஒரு காசுகூட இல்லை.

அந்தத் தேதி இன்றைக்குத்தான். சுத்தமாக மறந்து போயிருந்தாள்.

மறந்ததற்குக் காரணம் உண்டு. மாதக் கடைசியில் எல்லோரும் தங்கள் கணக்கைக் குழுவில் போடுவார்கள். மற்றவர்கள் 'பார்த்தேன்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுவார்கள். பாராட்டு இல்லை, திட்டு இல்லை, கேட்காத யோசனை கூடவே கூடாது. அந்த ஒற்றை வார்த்தை அவளுக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்று சொன்னால் கடன் வாங்காதவர்களுக்குப் புரியாது. வீட்டிலும் கடையிலும் அவள் சம்பளம் வாங்குகிற ஒரு ஆள், அவ்வளவுதான். அங்கேதான் அவள் எழுதியதைப் படித்துவிட்டு இன்றைக்குக் கார்டை வெட்டிப் போட்டேன் என்று ஒருவர் சொன்னார். நாற்பது வயதில், தன்னாலும் நாலு பேருக்கு உபகாரம் உண்டு என்று தெரிந்துகொண்ட இடம் அது.

ஐந்து மாதங்களுக்கு முன் அவள் கணவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். "வெளியில யார்கிட்டயும் சொல்லாதே, எனக்கு அவமானமா இருக்கு" என்றார். அவளும் சொல்லவில்லை, குழுவிலும் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் உண்மைக் கணக்கைப் போட்டால் ஏன் குறைந்தது என்று தெரிந்துவிடும். அதனால் திட்டத்தில் அந்த மாதத்துக்கு என்ன எழுதியிருந்ததோ அதை அப்படியே எடுத்துப் போட்டாள். ஒரு மாதம்தானே என்று நினைத்தாள். அது ஐந்து மாதம் ஆகிவிட்டது; வீட்டுச் செலவைச் சமாளிக்கிற கவலையில் பூட்டி வைத்த பதிவு நினைவுக்கே வரவில்லை. இருபத்தொரு பேரும் மாதா மாதம் 'பார்த்தேன்' என்றார்கள்.

இப்போது என்ன செய்வது? சும்மா இருந்துவிடலாம். கடன் தீர்ந்தவர்கள் குழுவில் அதிகம் பேச மாட்டார்கள். மெல்ல நழுவிப் போய்விட்டால் ஒரு பூனைக்கும் தெரியாது. கூச்சமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் மூணாம்தேதி எழுதினான்.

மூணாம்தேதி நகரப் பேருந்து ஓட்டுகிறவன். சம்பளம் மூன்றாம் தேதிக்கே காலியாகிவிடும் என்பதால் அந்தப் பெயர். மனைவிக்கு எட்டாவது மாதம் தொடங்கியிருந்தது. மூன்று வருடங்களாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொஞ்சம் அவசரப் பணம் சேர்த்திருந்தான்.

"அக்கா, உங்க பதிவை மூணு தடவை படிச்சேன். ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நீங்க பண்ணின மாதிரியே அவசரப் பணத்தைப் போட்டு லோனை இன்னிக்கே முடிச்சுடறேன். குழந்தை வரும்போது கடன் இல்லாத வீட்டுக்கு வரட்டும்."

அவள் அந்தச் செய்தியைத் திரும்பப் படித்தாள். கீழே 'பார்த்தேன்' 'பார்த்தேன்' என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. அவன் யோசனை கேட்கவில்லையே, எப்படிச் சொல்வார்கள்? தனியாக அவனைக் கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை. குழுவில் தனிப்பேச்சு கிடையாது. ஆரம்ப காலத்தில் ஒருவர் தனித்தனியாக எல்லோரிடமும் கைமாற்றுக் கேட்டுக் கலகமாகி, அந்த வசதியையே தணிக்கை எடுத்துவிட்டிருந்தார். அவனுடைய எண் தெரியாது, பெயர் தெரியாது, எந்த ஊர்ப் பேருந்து என்பதும் தெரியாது.

கொஞ்சம் பூசி மெழுகிப் பார்த்தாள். "அவசரப்படாதீங்க தம்பி. பிரசவம் முடியட்டுமே."

"என்ன அக்கா, நீங்களே துணிஞ்சுட்டு என்னை மட்டும் பயமுறுத்தறீங்க! வண்டி எடுக்கப் போறேன். ஒரு மணிக்கு ட்ரிப் முடியும். இறங்கி நேரா பேங்க்தான்."

அதோடு அவன் கைபேசியை அணைத்துவிட்டான். ஓட்டும்போது அதைத் தொட மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். மணி பதினொன்று ஐம்பது.

அவள் மறுபடியும் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். சில லென்ஸ்களை எந்தக் கோணத்தில் நிறுத்தி அரைக்க வேண்டும் என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருப்பார். கோணம் மாறினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தரை மேடுபள்ளமாகத் தெரியும். நூற்றெண்பதில் நிற்க வேண்டியதை அவள் தொண்ணூறில் நிறுத்தி அரைத்துத் தள்ளிவிட்டாள். கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

முதலாளியம்மா பின்னாலேயே வந்து நின்றார். "பதினோரு வருஷத்துல நீ லென்ஸை வீணாக்கி நான் பார்த்ததில்லையே. உடம்பு சரியில்லையா?"

"மனசு சரியில்லைம்மா."

"அப்போ மெஷின்கிட்ட நிக்காதே. அரை மணி நேரம் தர்றேன், போய் அதைச் சரிபண்ணிட்டு வா. லென்ஸ் காசைச் சம்பளத்துல பிடிச்சுக்குவேன்."

அறை மூலையில் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். எழுதினாள், அழித்தாள். தேதி குறித்துப் பூட்டிய பதிவு கடன் முடிவதற்குள் தானாக வெளியாகிவிட்டது என்று மட்டும் எழுதினால் என்ன? பொய் இல்லைதான். ஆனால் அப்படி எழுதினால் அவன் இன்னும் இரண்டு மாதத்தில் அக்கா கட்டப்போகிறார் என்றுதான் நினைப்பான். அவனைத் தடுக்கிற அளவுக்குப் பலமான உண்மை ஒன்றுதான் இருந்தது, அது அவளை அங்கிருந்து வெளியேற்றுகிற உண்மை. குழு போய்விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அழுகையாக வந்தது. அழுதுகொண்டேதான் அடித்தாள்.

"காலையில வந்த பதிவு ரெண்டு வருஷம் முன்னாடி எழுதினது. தானா வெளியாயிடுச்சு. நான் கடனை முடிக்கலை. பத்துத் தவணை பாக்கி. அஞ்சு மாசமா நான் போட்ட கணக்கும் பொய், திட்டத்தைப் பார்த்துக் காப்பி அடிச்சேன். என் வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு. கார்டுக்குக் குறைஞ்சபட்சத் தொகைதான் கட்டறேன். வேலை போறதுக்கு முன்னாடி கொஞ்சம் அவசரப் பணம் சேர்த்திருந்தேன். இந்த அஞ்சு மாசமும் வீட்டு வாடகை அதுலதான் கட்டினோம். அது இல்லைன்னா தெருவுக்கு வந்திருப்போம். மூணாம்தேதி, அந்தப் பணத்தைத் தொடாதீங்க. நீங்க கேட்காத யோசனைதான், விதியை மீறிட்டேன். என்னை நீக்கினாலும் சரி."

அனுப்பியபோது மணி பன்னிரண்டு நாற்பது.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருவர் 'பார்த்தேன்' என்றார். அடுத்தவரும் 'பார்த்தேன்'. நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒன்று தாண்டியது. ஒன்றேகால் ஆனது. அவன் படித்தானா, படிக்காமலே வங்கிக்குள் போய்விட்டானா? அடுத்து அரைக்க வேண்டிய லென்ஸை நாலு தடவை அளந்தாள், ஆனால் இயந்திரத்தை இயக்கவில்லை.

ஒன்று முப்பத்தைந்துக்கு வந்தது.

"பேங்க்ல டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். என் நம்பர் நாப்பத்தொண்ணு, நாப்பதைக் கூப்பிட்டாங்க. சும்மா கையை வச்சுக்கிட்டு இருக்க முடியாம போனைத் திறந்தேன். எழுந்து வந்துட்டேன். ரொம்பக் கோபமா இருக்கு. இப்ப எதுவும் பேசமாட்டேன்."

அக்கா என்ற வார்த்தை அதில் இல்லை. அதை அவள் கவனித்தாள். கோபப்படட்டும், பணம் கையில் இருக்கிறதே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

கடைசியாகத் தணிக்கை எழுதினார். "நாப்பது வருஷம் அடுத்தவங்க கணக்கைப் பார்த்தே சம்பளம் வாங்கியிருக்கேன். நிஜமான கணக்கு எங்கேயாவது கொஞ்சம் கோணலா இருக்கும். உங்களோடது திட்டத்தோட ஒரு காசு பிசகாம இருந்துச்சு. மூணாவது மாசமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கேட்டா விதி மீறலாயிடுமேன்னு 'பார்த்தேன்'னு போட்டுட்டுப் போயிட்டேன். அந்த விதியைப் போட்டதே நான்தான். பார்த்துட்டும் கேட்காம இருந்தது உங்க பொய்யைவிடப் பெரிய தப்பு. இனிமே சந்தேகம் வந்தா கேட்கணும், இதுதான் புது விதி. உங்களை நீக்கற பேச்சே இல்லை. முதல்ல அந்தப் பதிவுக்குத் தேதியை மாத்தி வைங்க."

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள்.

"என் வேலை போனதையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அவர் ஒரு சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எத்தனை பேரு இருக்காங்க அங்கே?"

"இருபத்திரண்டு. என்னை விட்டுட்டா இருபத்தொண்ணு."

"இருபத்தொரு பேருல வேலை போட்டுக் குடுக்கற ஆளு ஒருத்தர்கூடவா இல்லை?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த மாதக் கடைசியில் அவள் உண்மைக் கணக்கைப் போட்டாள். கோணலும் மாணலுமாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள், புது விதிப்படி ஆளுக்கொரு கேள்வி கேட்டு அவளைப் படாதபாடு படுத்தினார்கள். மூணாம்தேதி மட்டும் எதுவும் சொல்லவில்லை. தன் கணக்கையும் போடவில்லை. ஏன் என்று தணிக்கை கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேன்" என்று மட்டும் வந்தது. கோபம் இன்னும் தீரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். குழுவில் பேசும்போதெல்லாம் அந்த ஓர் ஆளின் மௌனம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதக் கடைசியில், மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது அவன் கணக்கு வந்தது.

"சம்பளம்: வழக்கம்போல மூணாம் தேதியே காலி. லோன்: அப்படியே இருக்கு. அவசரப் பணம்: பூஜ்யம். முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. குழந்தை எட்டாம் மாசமே பிறந்துடுச்சு. பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. உள்ளே விடறதுக்கு முன்னாடியே பணம் கட்டச் சொன்னாங்க, கட்டினேன். வரவு: பொண்ணு ஒண்ணு, இன்னிக்கு எடை ரெண்டு கிலோ நூறு கிராம். ஓட்டைப்பை அக்கா, கணக்கு சரியா இருக்கான்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க."

கீழே யாரும் எழுதவில்லை. தணிக்கைகூட எழுதவில்லை. இருபது பேரும் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

ஆயிரம் பேர் கண்ணுக்குக் கண்ணாடி செய்து கொடுத்தவளுக்கு அந்த நேரம் திரையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது தடவையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். பிறகு அடித்தாள்.

"பார்த்தேன் தம்பி. சரியா இருக்கு."