வெள்ளைக் கார்டுக்கு அறுபத்தொன்று

எங்கள் கடைச் சுவரில் இருநூற்றுப் பதினொரு தாள்கள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சோதனையின் முடிவு. என்ன பொருள், எந்தத் தேதி, எந்தக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம், என்ன எண் வந்தது என்று என் கையால் எழுதியிருக்கும். அடியில் இரண்டு கையொப்பங்கள். இடப்பக்கம் சோதித்தவர், நான். வலப்பக்கம் சாட்சி, என் தம்பி. இருபத்திரண்டு வருடங்களில் இந்த இரண்டும் இல்லாமல் ஒரு தாளும் சுவருக்குப் போனதில்லை. வருகிறவர்கள் விளம்பரத்தைக் கேட்பதில்லை. சுவரைப் படித்துவிட்டு, இதைக் கொடுங்கள் என்பார்கள். எங்கள் குடும்பம் சம்பாதித்தது அவ்வளவுதான். அது சிறியது என்று நான் நினைக்கவில்லை.

கடையில் இன்னொரு விதியும் உண்டு. வெளியாள் நிற்கும்போது வீட்டு ஆளை வீட்டு ஆள் மறுத்துப் பேசக் கூடாது. ரேடியோ பழுது பார்த்த காலத்தில் அப்பா போட்டது. அவருக்குப் பிறகு அதை இன்னும் இறுக்கியவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாலு பேர் முன்னால் அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொள்ளும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அவை எதுவும் இன்று இல்லை.

எட்டு மாதங்களுக்கு முன் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள் வந்தன. விளையாட்டுக்காகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது இந்தக் கார்டைத்தான். திரையில் ஓடும் படத்தை வரைந்து தருவது இது. ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதுதான் இதன் யோக்கியதை. அந்த எண்ணை ஃபிரேம் என்பார்கள். இரண்டுமே நடுத்தர விலைக் கார்டுகள், மாதச் சம்பளக்காரர்கள் யோசித்து வாங்குகிறவை. கறுப்புக் கார்டு நாங்கள் மூன்று வருடங்களாக விற்கும் கம்பெனியுடையது. வெள்ளைக் கார்டு புதுக் கம்பெனி. அதன் ஏஜென்சியை நம் கடைக்கு எடுக்கலாம் என்றான் தம்பி. இருபத்திரண்டு வருடங்களில் அவனாக என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ராத்திரி பகலாக அதைப் பற்றிப் படித்திருந்தான்.

"பெஞ்ச் சொல்லட்டும்" என்றேன். பெஞ்ச் என்பது எங்கள் சோதனை மேசை. அதன் மேல் கம்ப்யூட்டர் மூடியில்லாமல் திறந்து கிடக்கும்.

"பெஞ்ச் சொன்னா எடுத்துக்கலாமா அண்ணே?"

"எடுத்துக்கலாம்."

சனிக்கிழமை காலை சோதனை. ஏழு பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு கடை தள்ளி மருத்துவமனை வைத்திருக்கும் பல் டாக்டர். கார் ஓட்டும் விளையாட்டில் பைத்தியம்.

"என்ன பெரியவரே, இன்னைக்குத் தீர்ப்பா? எது ஜெயிக்குதோ அதைக் கட்டிக் குடுத்துடுங்க."

"ரோட்டுல ஓட்டுற வண்டிக்கே மூணு தடவை லைசென்ஸ் கிடைக்கல. இதுல மட்டும் இருநூறுல பறக்குறார்" என்றான் தம்பி. டாக்டரே சிரித்தார்.

நாங்கள் வைத்திருக்கும் சோதனை எப்போதும் ஒன்றுதான். ஒரு விளையாட்டில் மழை பெய்யும் நகரம் வரும். அதில் ஒரு கார் மூன்று நிமிடம் தானாக ஓடும். ஓடி முடிந்ததும் எண் வரும். கறுப்புக் கார்டுக்கு எழுபத்து நாலு வந்தது. நல்ல எண்தான்.

அடுத்து அதைக் கழற்றி வெள்ளையைப் போட வேண்டும். கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையில் கார்டு செருக மேலும் கீழுமாக இரண்டு நீள ஸ்லாட்டுகள் உண்டு. செருகிய கார்டை ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கொக்கி பிடித்துக்கொள்ளும். மேல் ஸ்லாட்டின் கொக்கிக்கும் அதற்கு மேலே இருக்கும் பெரிய விசிறிக்கும் நடுவில் ஒரு விரல் நுழையவும் இடம் போதாது. என் வலக்கை விரல்கள் இரண்டு வருடங்களாகச் சரியாக மடங்குவதில்லை. இதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

நாலு நிமிடம் ஆயிற்று. கை நடுங்கியது.

"பல்லைப் புடுங்குற மாதிரி இருக்கே. ஊசி போட்டுடலாமா?" என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை.

"நான் எடுக்கட்டுமா அண்ணே?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் பின்னால் நகர்ந்துகொண்டான்.

கறுப்பு ஒருவழியாகக் கழன்று வந்தது. வெள்ளை அதைவிட நீளம், அதைவிடக் கனம். அதை மேல் ஸ்லாட்டில் செருகினால் மறுபடி கழற்ற வேண்டும், அதே கொக்கி, அதே ஏழு பேர். கீழ் ஸ்லாட் எந்த மறைப்பும் இல்லாமல் திறந்திருந்தது. பார்க்க இரண்டும் ஒரே நீளம். கீழே செருகினேன்.

மழை நகரம் திக்கித் திக்கி ஓடியது. அறுபத்தொன்று வந்தது.

கீழ் ஸ்லாட்டுக்கு நீளம் மட்டும்தான் உண்டு, உள்ளே கம்பிகள் கால் பங்கு. அதில் போட்ட கார்டு கழுத்தை நெரித்தது போலத்தான் ஓடும். பலகையோடு வரும் புத்தகத்தில் அது இருக்கிறது. ஒவ்வொரு பலகையின் புத்தகத்தையும் அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிறவன் நான். அன்று அது என் நினைவில் இருந்ததா என்று கேட்டால் இன்றும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கொக்கி மட்டும்தான் நினைவில் இருந்தது.

தாளை எழுதினேன். கையொப்பம் போட்டுப் பேனாவைத் தம்பியிடம் நீட்டினேன். வாங்கியவன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். ஏஜென்சி போன வருத்தம் என்று நினைத்தேன்.

"போடு. ஆளுங்க காத்திருக்காங்க."

போட்டான். டாக்டர் கறுப்பை வாங்கிக்கொண்டு போனார். வெள்ளைக் கார்டின் ஏஜென்சி எதிர் வரிசைக் கடைக்குப் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை தம்பி என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நாளையிலேருந்து நான் வரல அண்ணே."

"ஏன்?"

"வேற வேலை பாத்திருக்கேன்."

"ஒரு கார்டு தோத்ததுக்குக் கடையை விட்டுப் போறவன் நம்ம அப்பாவுக்குப் பொறந்தவனாடா?"

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். உறவுக்காரர்கள் கேட்டபோது, பெரிய கம்பெனியில் நாலு விஷயம் கற்றுக்கொள்ளட்டும் என்று நான்தான் அனுப்பிவைத்தேன் என்றேன். எங்கள் வீட்டில் விரிசல் என்ற பேச்சு நான் இருக்கும் வரை யார் வாயிலும் வரக் கூடாது.

போன மாதம் பல் டாக்டரிடம் வேலை செய்யும் நர்ஸ் தன் கம்ப்யூட்டரைத் தூசி தட்டக் கொண்டுவந்தாள். கம்ப்யூட்டர் எங்கள் கடையில் வாங்கியது. கார்டு மட்டும் எதிர்க்கடையில் வாங்கிய வெள்ளை.

"டாக்டர் சாரோடதைவிட என்னுது வேகமா ஓடுது சார். அவர் ஒத்துக்க மாட்டேங்குறார். பெரியவர் எழுதி ஒட்டியிருக்கார், நீ பேசாம பஞ்சை எடுங்குறார். நீங்களே ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

போட்டேன். எண்பத்திரண்டு.

மறுபடி போட்டேன். எண்பத்திரண்டு. அவளுடையதும் எங்கள் பெஞ்சில் இருப்பதும் ஒரே வகைப் பலகை. மூடியைத் திறந்து பார்த்தேன். வெள்ளைக் கார்டு மேல் ஸ்லாட்டில் இருந்தது.

"என்ன சார், நான் சொன்னது சரிதானே?"

"சரிதான்மா" என்றேன். அவள் போன பிறகு சுவரில் அந்தத் தாளைப் போய்ப் பார்த்தேன். தம்பி கையொப்பத்துக்கு அடியில் எப்போதும் ஒரு கோடு இழுப்பான். இருநூற்றுப் பத்துத் தாள்களில் அந்தக் கோடு இருக்கிறது. அந்த ஒன்றில் மட்டும் இல்லை.

மறுநாள் அவன் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுதுக்குப் புகார் வாங்கும் சர்வீஸ் சென்டர். டோக்கன் கொடுத்தார்கள், நாற்பத்தாறு. வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கழுத்தில் அட்டை தொங்க உட்கார்ந்திருந்தான். ஒரு அம்மா அவனை வாய்க்கு வந்தபடி பேசினாள், ஃபிரிட்ஜில் ஐஸ் உறையவில்லையாம். அவன் தலையாட்டிக்கொண்டே எழுதினான். அவனைவிடப் பழுது பார்க்கத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் இருக்க மாட்டான்.

என் எண் வந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அண்ணே, சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே. எதுக்கு வரிசையில?"

"டோக்கன் வாங்கியிருக்கேன். உக்காரு." அவன் உட்கார்ந்தான். "அந்த வெள்ளைக் கார்டு சோதனை தப்பு. கீழ் ஸ்லாட்டுல போட்டுட்டேன்."

அவன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். "ஆளுங்க இருக்காங்க அண்ணே. மெதுவா."

"இருக்கட்டும். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நீங்க கீழ செருகினப்பவே."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"ஏழு பேர் நின்னாங்களே." அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான். "உங்க கை நடுங்கினதைப் பாத்தேன். அந்த டாக்டர் வேற ஊசி போடவான்னு கேக்குறார். அதுக்கு மேல நானும் ஒண்ணு சொல்லணுமா?"

"அவங்க போனப்புறம் சொல்லியிருக்கலாமே. ஏஜென்சி உனக்கு வந்திருக்கும்."

"அதுக்குள்ள நானும் கையெழுத்துப் போட்டுட்டேனே." மேசையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி போட்டான். "ஏஜென்சி போனதுக்காக நான் போகல அண்ணே. பொய்யின்னு தெரிஞ்சே அன்னைக்குத்தான் ஒரு கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் ரெண்டு தாள்ல போடச் சொன்னீங்க. போட்டேன், கோடெல்லாம் இழுத்தேன். ஆனா என் கையெழுத்தை நானே நம்பல. அப்புறம் அங்க நின்னு என்ன பண்றது?"

பின்னால் ஒருவர் இருமினார். என் எண்ணுக்கு உரிய நேரம் முடிந்திருந்தது.

"வந்துடு" என்றேன். இதற்கு முன் நான் யாரையும் அப்படி அழைத்ததில்லை.

"கை எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"டாக்டரைப் பாருங்க. பல் டாக்டரை இல்ல" என்றான். லேசாகச் சிரித்தான். பிறகு நாற்பத்தேழு என்று கூப்பிட்டான்.

அடுத்த சனிக்கிழமை பெஞ்சைத் துடைத்து வைத்துவிட்டு ஆட்கள் இருக்கும்போதே, எதிர்க்கடையில் வாங்கி வந்த வெள்ளைக் கார்டை மேல் ஸ்லாட்டில் போட்டேன். பல் டாக்டரையும் வரச் சொல்லியிருந்தேன். எண்பத்திரண்டு. எட்டு மாதத்துக்கு முன் நான் செய்தது என்ன என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கார்டை மாற்றித் தருகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன்.

"வேணாம் பெரியவரே. நான் ஓட்டுற அழகுக்கு எழுபத்து நாலே ஜாஸ்தி. அந்த நர்ஸுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"அவதான் கண்டுபிடிச்சா."

"அப்ப நான் கிளினிக்குக்குப் போக முடியாது" என்றார்.

புதுத் தாளை எழுதிக் கையொப்பம் போட்டேன். வலப்பக்கம் காலி. டாக்டர் பேனாவை எடுத்தார். "சாட்சிதானே? நான் பாத்தேனே."

"அதுக்கு ஆள் இருக்கு டாக்டர்."

இரண்டு நாள் கழித்துத் தம்பி மனைவி வந்தாள். அவனுடைய கருவிப் பையை எடுத்துப் போக வந்திருந்தாள். பெஞ்சில் கிடந்த தாளைக் காட்டினேன். நின்றபடியே படித்து ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள். "காட்டுறேன் மாமா" என்றாள். மறுநாள் ஃபோனில் கூப்பிட்டாள்.

"அவர் பாத்தார் மாமா. வெள்ளையை இப்பப் போட்டிருக்கீங்களாம், கறுப்போட நம்பர் எட்டு மாசத்துக்கு முந்தினதாம். ரெண்டையும் ஒரே நாள்ல போடலன்னா அது சோதனையே இல்லங்குறார். கறுப்புக்கு அநியாயம் பண்ணிட்டீங்களாம்."

"வேற என்ன சொன்னான்?"

"சாட்சி இடத்துக்கு வேற ஆள் பாத்துக்கச் சொன்னார் மாமா."

அவன் சொன்னது சரி. அவசரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. மறுநாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாக மேல் ஸ்லாட்டில் போட்டேன். கொக்கியை நீக்க மர அளவுகோலின் முனையைப் பயன்படுத்தினேன். முதல் முறை பதினொரு நிமிடம், இரண்டாம் முறை ஒன்பது. பார்க்க யாரும் இல்லாததால் உட்கார்ந்துகொண்டே செய்தேன். கறுப்புக்கு எழுபத்தாறு, வெள்ளைக்கு எண்பத்திரண்டு. முந்தைய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எழுதினேன்.

சுவரில் இருக்கும் பழைய தாளைக் கிழிக்கவில்லை. அதில் அவன் கையொப்பமும் இருக்கிறது. என்னுடையதை மட்டும் அடித்தால் பொய் அவனுடையதாகிவிடும். ஆகவே அதன் அடியில் சிவப்பு மையில், இச்சோதனை பிழை, பிழை செய்தவன் நான் என்று எழுதித் தேதி போட்டேன்.

புதுத் தாள் சுவருக்குப் போக முடியாது. இரண்டு கையொப்பங்கள் வேண்டும். பெஞ்சின் மேல் அளவுகோலை வைத்து அழுத்தி வைத்திருக்கிறேன். வெள்ளைக் கார்டைப் பற்றி யாராவது கேட்டால் எண்ணை வாயால் சொல்கிறேன். பெரும்பாலோர் சுவரைத்தான் பார்க்கிறார்கள்.