மூன்றாவது சட்டை

ஜூலை 17, வியாழன்.

ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். மூன்றாவது சட்டை வந்த மறுநாளே சோதனைக்காரரை வரச் சொன்னேன்.

ஹெபடைடிஸ் பி மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வருவான். ஈரலில் குடியேறி அதைத் தின்பான். அதனால் தடுப்பூசி போடும் ஜெசிந்தா சிஸ்டர் வீடு வீடாக வந்து அவனுடைய சட்டையை மட்டும் கொடியில் மாட்டிவிட்டுப் போவார். உள்ளே ஆள் கிடையாது. என் சமையலறையில் இருக்கும் அடியாட்கள் அதை வெட்டிப் பழகுவார்கள்.

முதல் சட்டையை முறைத்தார்கள். இரண்டாவதின் கையை முறித்தார்கள். சட்டைக்கு எலும்பு இல்லை என்று நினைத்திருந்தேன். சத்தம் கேட்டது. மூன்றாவதை நேற்று மாட்டியதும் அரிவாளைத் தீட்ட ஆரம்பித்தார்கள்.

இன்று சோதனைக்காரர் ஆவுடையப்பன் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். கொடியில் சட்டை. கதவில் சாக்பீஸால் 'இருக்கிறான்' என்று எழுதினார்.

"சார், அது வெறும் சட்டை."

"சட்டை இருக்கா, இல்லையா?"

"இருக்கு. உள்ள ஆள் இல்ல."

"ஆள் வந்துபோன கால்தடம் பாக்கது வேற. அடியாள் போதுமான்னு பாக்கது வேற. நீ எதக் கேட்ட?"

சட்டையை மட்டும்தான் கேட்டிருந்தேன். சட்டை, கால்தடம், அடியாள் மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று டயாலிசிஸ் பயிற்சியின் மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆக, தவறு இரண்டு.

'இருக்கிறான்' என்று எழுதிய வாசலைச் செங்கல் வைத்து அடைப்பது எங்கள் தெரு வழக்கம். குடியிருப்பவர் உள்ளேயே இருந்துகொள்வார். கொத்தனார் மாசானம் சாந்தோடு வந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கு டயாலிசிஸ் வார்டுல எனக்கு முதல் நாள்."

"நல்ல விசயம் தாயி. கைய உள்ள இழுத்துக்க."

நான் தாமதித்தேன். சாந்துக் கரண்டியால் வெட்டினார். சுண்டுவிரல் வெளியே விழுந்தது. அதைத் துடைத்து உள்ளே கொடுத்தார். நன்றி சொன்னேன். சொல்லியிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

சமையலறைக்கு ஓடினேன்.

"வெளிய ஒருத்தர் என் விரல வெட்டிட்டாரு."

"மஞ்சச் சட்டையா?" என்றான் அடியாட்களின் தலைவன்.

"இல்ல. காக்கி."

"அப்ப நமக்குச் சோலி இல்ல."

"நீங்க என் ஆளுங்கதானே?"

"ஒங்க ஆளுதான். அதுக்காகக் காக்கி, கைலின்னு கண்டதையும் வெட்டிக்கிட்டா இருக்க முடியும்? ஏலே, நம்ம வேலையப் பாருங்கலே."

கொடிச் சட்டையின் மேல் பாய்ந்தார்கள். காலர், தோள், வயிறு. சட்டை கடைசிவரை அலறியது. அதன் பையை மட்டும் நான் ஒளித்துக்கொண்டேன்.

வாசல் முழுவதும் அடைபட்டது. அப்போதுதான் யோசனை வந்தது. பையை ஈரச் சாந்தில் ஒட்டினேன்.

"வந்துட்டான்!" என்று கத்தினேன்.

அடியாட்கள் சுவரை வெட்டினார்கள். மறுபக்கம் மாசானம் சுவரில் காதை வைத்து, சாந்து இறுகுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அரிவாள் சுவரைத் தாண்டியது. காதையும் தாண்டியது. காது உள்ளே என் காலடியில் விழுந்தது.

சத்தம் கேட்டு ஆவுடையப்பன் திரும்பி வந்தார். நான் மூன்றையும் சேர்த்துக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

"கால்தடம் இல்ல. அவன் ஒருநாளும் இங்க வந்ததில்ல. அடியாள் போதும், மிச்சமே இருக்கு. ஊசி நல்லா வேல செஞ்சிருக்கு. வார்டுக்குப் போலாம்."

எனக்கு அழுகை வந்தது.

"இது என்ன?" என்றார். இடிந்த செங்கல்லில் பை ஒட்டியிருந்தது.

"பை, சார்."

"எதோட பை?"

அந்தச் செங்கல்லிலேயே 'இருக்கிறான்' என்று எழுதினார்.

"கடைசிச் சட்டை வந்து ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சுக் கூப்பிடணும்மா. அதுக்குள்ள என்ன அவசரம்?"

மாசானம் ஒரு கையால் காது இருந்த இடத்தைப் பொத்திக்கொண்டு மறு கையால் சாந்து குழைத்தார்.

"காலைல வந்து கட்டுதேன் தாயி. இன்னைக்கு மனசு சரியில்ல."

நாளை, அவர் வருவதற்குள் பையை எரிக்க வேண்டும். வந்ததும் காதைக் கொடுக்க வேண்டும். அது என் விரலோடு ஒரே தட்டில் இருக்கிறது. பார்த்து எடுக்க வேண்டும்.