நாலாவது ட்ரம்

கொறற்றி அன்றைக்கு ட்ரம் அடிக்கவேண்டும் என்று நினைத்து அடிக்கவில்லை. மான்ஹைம் நகரத்து அமெரிக்க இராணுவ முகாமின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிற மெஷின் நின்றுபோயிருந்தது. திருத்துகிறவன் வரும்வரை அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. கவிழ்த்து வைத்திருந்த பெரிய தட்டம் ஒன்றில் இரண்டு மரக்கரண்டிகளால் சும்மா தட்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் கை தன்பாட்டில் வேகம் பிடித்தது. தகரக் கூரையில் மழை பிடித்ததுபோல ஒரே உருட்டு.

நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் வாசலில் றொண்டா.

றொண்டா அந்தக் கன்ரீனுக்குப் பொறுப்பான கறுப்பின அமெரிக்கப் பெண். இராணுவச் சமையற்காரியாக ஜேர்மனிக்கு வந்து, சேவை முடிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவள். வயது நாற்பத்திரண்டு. அவள் வாயைத் திறந்தால் முகாமின் மறுபக்கத்துக்கும் கேட்கும். இண்டைக்கு நல்ல ஏச்சு விழப்போகுது என்று கொறற்றி கரண்டிகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"திரும்ப அடியும்," என்றாள் றொண்டா.

"எதை?"

"கடைசியா உருட்டினீரே, அதை."

கொறற்றி அடித்தாள். றொண்டா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருவரும் எப்போதும்போலப் பாதி ஜேர்மன் மொழியிலும் பாதி ஆங்கிலத்திலும் கதைத்தார்கள்.

"இது கையிலை பழகின அடி. எங்கை பழகினனீர்?"

"மன்னாரிலை, கொன்வென்றிலை. மூண்டு வருஷம் பாண்டிலை சைட் ட்ரம் அடிச்சனான். விளையாட்டுப் போட்டி, மாதா திருநாள், ஆயர் வரவேற்பு, எல்லாத்துக்கும் நாங்கள்தான்."

"பொம்பிளைப் பிள்ளையளே?"

"கொன்வென்றிலை வேறை ஆர் இருக்கினம்?"

றொண்டா தொடையில் அடித்துச் சிரித்தாள். சிரித்து முடிய, சட்டைக் கழுத்தை ஒருபக்கம் இழுத்துத் தோள்பட்டையைக் காட்டினாள். விரலகலத்துக்கு ஒரு பழைய தழும்பு.

அலபாமாவில் விற்றேக்கர் கல்லூரி என்று ஒன்று, றொண்டா படித்த இடம். வெள்ளைக்காரரின் பல்கலைக்கழகங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லாத காலத்தில் அவர்களுக்கென்றே கட்டப்பட்டது. வெள்ளைக்காரரின் கதவுகள் திறந்த பிறகும் அந்தச் சனங்கள் தங்கள் பிள்ளைகளை அங்கேதான் விரும்பி அனுப்பினார்கள். பாதிக் காரணம் அதன் பாண்ட். "எங்கடை ஊரிலை ஃபுட்போல் மட்ச் பார்க்க ஒருத்தரும் வாறேல்லை," என்றாள் றொண்டா. "இடைவேளையிலை பாண்ட் பார்க்கத்தான் வாறவை. அந்த இருபது நிமிஷமும் ஒருத்தன் கக்கூசுக்கும் எழும்பான்."

அவள் சேர்ந்த வருஷம்வரை ட்ரம் வரிசையில் ஒரு பெண்கூட நின்றதில்லை. ட்ரம்மைத் தாங்குகிற வார் பெண்ணின் தோளுக்குப் பொருந்தாது என்று பையன்கள் சொல்லிவிட்டார்கள். முதலாவது ஊர்வலத்தில் மழைக்குள் நாலு மைல் நடந்தாள். வார் தோலை வெட்டி இரத்தம் சட்டையில் ஊறியது. அவள் ஒரு அடி பிசகவில்லை. அடுத்த நாள் அதே பையன்களில் ஒருத்தன் ஒரு துவாயை மடித்துக் கொண்டுவந்து, "இதை வாருக்குக் கீழை வை" என்று கொடுத்தானாம்.

"இப்ப கேளும்," றொண்டா கதிரையை முன்னுக்கு இழுத்தாள். "ஜேர்மனி முழுக்க முகாம்களிலை எங்கடை கல்லூரி ஆக்கள் இருபத்தாறு பேர் இருக்கினம். ஒவ்வொரு கோடையும் இஞ்சை நடக்கிற விழா ஊர்வலத்திலை சேர்ந்து போவம். இந்த வருஷம் எங்கடை நாலு சைட் ட்ரம்காரரிலை ஒருத்தனைப் பொஸ்னியாவுக்கு அனுப்பிப் போட்டாங்கள். மூண்டு ட்ரம்மோடை போனால் முன்பல்லு விழுந்த வாய்மாதிரி இருக்கும். நீர் வாறீரா?"

கொறற்றியின் தோளில் கடைசியாக ட்ரம் ஏறிப் பதினெட்டு வருஷம். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ஓம். வாறன்."

சனிக்கிழமை, முகாமின் கார் தரிப்பிடத்தில் பயிற்சி. வந்தவர்கள் எல்லாரும் நாற்பதும் ஐம்பதும் தாண்டியவர்கள். தொப்பை வைத்த ட்றம்போன்காரர்கள், மூக்குக்கண்ணாடி போட்ட க்ளாரினெற்காரி. ஒருவரை ஒருவர் கண்டதும் சின்னப்பிள்ளைகள்போலக் கூவிக்கொண்டு ஓடினார்கள். யார் வெயிலில் மயங்கி விழுந்தது, மாஸ்டர் ஏணியில் ஏறி நின்று யாரை ஏசினார், எந்த மட்சுக்குப் போகும்போது பஸ் சேற்றில் புதைந்தது என்று ஒரே அமளி.

பாண்டுக்குத் தலைவர் கர்ட்டிஸ். தடிபோல உயர்ந்த மனிதர், வயது ஐம்பத்தொன்று. தோளில் ட்ரம்மோடு நின்ற கொறற்றியைக் கண்டதும் அவருடைய முகம் இறுகிவிட்டது.

"இது வாடகைப் பாண்ட் இல்லை, றொண்டா. இந்த உடுப்பைப் போடுறதுக்கு நாங்கள் ஒவ்வொருத்தரும் நாலு வருஷம் செத்துப் பிழைச்சம்."

றொண்டா பதில் சொல்ல வாய் திறக்குமுன் கொறற்றியே சொன்னாள். "அவர் சொல்லுறது சரி. எங்கடை கொன்வென்றிலையும் வெளியாக்களை விடமாட்டம்." தோளிலிருந்து வாரைக் கழற்றத் தொடங்கினாள். அவளுக்கு உண்மையாகவே கோபம் வரவில்லை. ஆனால் ட்ரம்மின் பாரம் தோளைவிட்டு இறங்கியபோது ஏனோ அழுகை வந்தது.

கர்ட்டிஸ் அதைக் கண்டாரோ என்னவோ. "பொறும்," என்றார். "போறதுக்கு முதல் ஒருக்கா அடிச்சுக் காட்டும்."

அடித்தாள். நின்ற நிலையில் அடித்தபோது அவர் தலை மெல்ல ஆடியது. நடந்துகொண்டு அடிக்கச் சொன்னார். கொன்வென்றில் சிஸ்டர் பழக்கியபடி, முதுகு நிமிர்ந்து, தலை அசையாமல், கால் விறைப்பாக நடந்தாள். தரிப்பிடம் முழுக்கச் சிரித்தது.

"கை எங்கடை ஆளின்ரை கை," என்றார் கர்ட்டிஸ். "கால் ஆரோ பொலிஸ்காரன்ரை. ரெண்டு கிழமை இருக்கு. காலை மாத்திக்கொண்டு வாரும்."

மாற்றுவது என்றால் சும்மாவா? முழங்கால் இடுப்பளவுக்கு எழும்பவேண்டும், பாதவிரல் நிலம் பார்க்கவேண்டும், உடம்பு இடமும் வலமும் ஊஞ்சல்போல ஆடவேண்டும், அதற்குள் கை பிசகக்கூடாது. முதல்நாள் வீட்டு விறாந்தையில் பழகினாள். கீழ்வீட்டு ஜேர்மன்காரி மேலே ஓடிவந்து, தன் வீட்டு லாம்பு கழன்று விழப்பார்க்குது என்று கத்திவிட்டுப் போனாள். புருஷன் யூட் கதவைச் சாத்திவிட்டு அவளையே பார்த்தான்.

"என்னப்பா இது? கண்ணுக்குத் தெரியாத படியிலை ஏறுறமாதிரி."

"பகிடி விடாதேங்கோ. எனக்கு ஏலாமல் கிடக்கு."

"ஏலாதெண்டு ஆர் சொன்னது? வாரும் வெளியாலை."

பின்னேரங்களில் நெக்கார் ஆற்றங்கரையில் அவன் சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு "இடது, வலது, முழங்கால், முழங்கால்!" என்று கத்துவான். பக்கத்தில் அவள் வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு அதில் அடித்தபடி துள்ளுவாள். நாயோடு நடக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒன்பதாம் நாள், யூட் திடீரென்று கத்துவதை நிறுத்திவிட்டான். ஏன் என்று திரும்பினாள். அவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

ஊர்வல நாள் ஜூலை வெயில் கொளுத்தியது. ஜேர்மனி ஐரோப்பிய உதைபந்தாட்டக் கிண்ணம் வென்று இரண்டு கிழமைதான். ஜன்னல்களில் கொடிகள் இன்னும் தொங்கின. கொறற்றிக்குத் தந்தது பொஸ்னியாவுக்குப் போனவனின் உடுப்பு. சட்டைக்கையை இரண்டு தரம் மடித்தாள். தொப்பிக்குள் பேப்பர் அடைத்தாள். வாருக்குக் கீழே துவாய் வைக்க றொண்டா மறக்கவில்லை.

கர்ட்டிஸ் விசில் ஊதினார். நாலு ட்ரம்மிலும் அடி ஒன்றாக விழுந்தது. கொறற்றியின் பின்னால் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் ஒரேயடியாக வெடித்தன. கொன்வென்றில் கேட்டது புல்லாங்குழலும் மெலோடிக்காவும்தான். இப்படி ஒரு சத்தம் அவளுக்குப் பின்னால் ஒருநாளும் நின்றதில்லை. அது அவளைக் கழுத்தில் பிடித்து முன்னுக்குத் தள்ளியது. முழங்கால் தானாக எழும்பியது.

முதலாவது மூலை திரும்பியதும் தொப்பி வழுகிக் கண்ணை மூடியது. இரண்டு கையிலும் குச்சி. ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்தில் றொண்டாவின் சப்பாத்துச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு குருடிபோல நடந்தாள். அப்போது சனத்துக்குள் இருந்து கமராவோடு யூட் பாய்ந்து வந்து, கூடவே ஓடியபடி தொப்பியைத் தூக்கிப் பின்னால் அழுத்திவிட்டு மறைந்தான். சனம் அவனுக்கும் கைதட்டியது.

சந்தியில் ஊர்வலம் நின்றுவிட்டது. முன்னால் ஒரு அலங்கார வண்டி ட்ராம் தண்டவாளத்தில் சில்லுச் சிக்கி அசையாமல் கிடந்தது. ஊதுகிறவர்கள் களைத்து வாத்தியத்தை இறக்கினார்கள். சனம் கலையத் தொடங்கியது. கர்ட்டிஸ் திரும்பி ட்ரம் வரிசையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.

"ட்ரம் மட்டும்! சனம் போகாமல் தெருவைப் பிடியுங்கோ!"

முதலாமவன் தனியே அடித்தான். மற்றவர்கள் பதில் கொடுத்தார்கள். இரண்டாமவன். பிறகு றொண்டா. அவளுடைய குச்சிகள் கண்ணுக்கே தெரியவில்லை. முடித்ததும் நாடியால் கொறற்றியைக் காட்டினாள்.

இதைப் பற்றி ஒருத்தரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒரு கணம் கை வெறுமையாக நின்றது. பிறகு, விளையாட்டுப் போட்டியில் பிரதம விருந்தினரின் மேடையைத் தாண்டும்போது அடிக்கிற அடி வந்தது. நாலு தனியடி, நடுவில் ஒரு மூச்சு, பிறகு நீண்ட உருட்டு, கடைசியில் ஒரு வெட்டு. மூவரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். அடுத்த தரம் அதையே அவளிடம் திருப்பி அடித்தார்கள், ஆனால் ஆட்டிக் குலுக்கி, அலபாமாவின் வெயிலைப் பூசி. கொறற்றி கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. மறுபடியும் அடித்தாள், இந்த முறை இன்னும் வேகமாக. சந்தி முழுக்கச் சனம் திரும்பி ஓடிவந்தது.

அந்த அடிக்குத்தான் கர்ட்டிஸ், அவர்களுடைய பாண்ட் தலைவர்கள் செய்கிறதுபோல, நின்றபடி பின்பக்கமாக வளையத் தொடங்கினார். ஐம்பத்தொரு வயது மனிதர், அங்குலம் அங்குலமாக. தொப்பியின் இறகு தார்வீதியைத் தொட்டது. "எழும்ப மாட்டார், எழும்ப மாட்டார்," என்று றொண்டா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கொறற்றி உருட்டை விடவில்லை. அவர் எழும்பும்வரை நிறுத்துவதில்லை என்று பிடிவாதமாக உருட்டினாள். அவர் எழும்பினார். மறிபட்டு நின்ற ட்ராமுக்குள் இருந்தவர்களும் ஜன்னலைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

விழாத்திடலுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாரும் வியர்வையில் நனைந்துபோயிருந்தார்கள். ஊர்வலம் அத்தோடு முடிந்தது. ஆனால் கர்ட்டிஸ் நிற்கவில்லை. பாண்டை நேரே பியர்க்கூடாரத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். மேடையில் தோல் காற்சட்டை போட்ட ஜேர்மன் பித்தளைக் குழு ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஒரு பாட்டை முடிக்க, இவர்கள் ஒன்றை எடுத்தார்கள். அவர்கள் சளைக்காமல் அடுத்ததை எடுத்தார்கள். சனம் உட்கார்ந்திருந்த வாங்குகளின் மேலே ஏறிவிட்டது.

"இப்பிடித்தான்!" றொண்டா அவள் காதுக்குள் கத்தினாள். "மட்ச் முடிஞ்ச பிறகும் நாங்களும் எதிர்ப் பாண்டும் மாறி மாறி வாசிப்பம்! காவல்காரன் வந்து லைற் நூக்கிற வரைக்கும்!"

இடையில் மூச்சுவிட நேரம் கிடைத்தபோது கர்ட்டிஸ் வந்து ஒரு போத்தல் தண்ணீரை நீட்டினார். "அந்த அடிக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

"பேரில்லை. மேடையைத் தாண்டேக்கை அடிக்கிறது."

"அடுத்த வருஷத்துக்கும் அது வேணும்," என்றார். "அடிக்கிற ஆளும்தான்."

யூட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். கமராவில் படச்சுருள் முடிந்து எவ்வளவோ நேரம். கத்திக் கத்தித் தொண்டையும் அடைத்துப்போயிருந்தது.

"போவமேயப்பா? உம்மடை கையைப் பாரும், வீங்கிப்போச்சு."

கொறற்றி தண்ணீர்ப் போத்தலை அவன் கையில் திணித்தாள். மேடையில் ஜேர்மன்காரர் முடித்துக்கொண்டிருந்தார்கள். கர்ட்டிஸின் கை மேலே போய்விட்டது.

"பொறுங்கோப்பா, எங்கடை முறை!" என்று சொல்லிவிட்டு அவள் வரிசைக்கு ஓடினாள்.